கறுப்பு முடிக்கு நேர் வகிடு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் கட்டுரை எழுத உட்கார்ந்திருப்பது கொஞ்சம் அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். இருபத்தெட்டு வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தும் ஆண்டு விழா மேடையில் ஏறியதில்லை. ஒரு தடவை பரிசு வாங்க என் பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்து மெஷின்காரியை அனுப்பி வாங்கிவரச் சொன்னேன்.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். ஆடை வடிவமைப்பு படிக்கிறவர்கள். உலகமெல்லாம் பெண்பிள்ளைகள் கையில் இருக்கும் அந்த ஒல்லி இடுப்புப் பொம்மையைப் பற்றிக் கல்லூரியில் கண்காட்சி வைக்கிறார்களாம். அதற்கு ஒரு மலரும் போடுகிறார்கள். பொம்மையைச் செய்தவர் என்று என் பெயரைக் கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நான் செய்யலம்மா. தலைக்கு முடி வச்சேன், அவ்வளவுதான்” என்றேன்.

“அதத்தான் ஆன்ட்டி எழுதணும்” என்றாள் ஒருத்தி. பிறகு போனில் ஒரு புது மெஷினைக் காட்டினாள். தலையை மாட்டினால் போதும், கம்ப்யூட்டரே கோடு பார்த்து முடியை வைத்துவிடுகிறது. வகிடும் அதுவே எடுக்கிறது. அதைப் பார்த்தபோதுதான், கையால் கோடு போட்ட காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை எழுதலாம் என்று தோன்றியது.

அந்தப் பொம்மையை நான் முதலில் பார்த்தது பரங்கிப்பேட்டையில். நான் பிறந்த ஊர் அது. அங்கே சபர் போகாத வீடு குறைவு. வெளிநாட்டு வேலைக்குப் போவதைத்தான் அங்கே சபர் என்பார்கள். எங்கள் தெரு பாத்திமாவின் அத்தா சபரிலிருந்து வரும்போது அந்தப் பொம்மையைக் கொண்டுவந்தார். மஞ்சள் முடி, சிவப்பு கவுன், கையில் பை. பாத்திமாவின் அம்மா அதைப் பெட்டியோடு ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டார். முன்பக்கத்துக் கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. பாத்திமாவும் நானும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே விளையாடுவோம். இன்றைக்கு அவள் ஆபீஸ் போகிறாள் என்று ஒருத்தி சொல்வாள். இல்லை, கல்யாணத்துக்குப் போகிறாள் என்று இன்னொருத்தி சொல்வாள். பொம்மை பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் நாங்கள் அவளை எல்லா ஊருக்கும் அனுப்பினோம்.

அதற்குமுன் எங்களுக்குத் தெரிந்த பொம்மை எல்லாம் குழந்தைப் பொம்மை. அதை வைத்து விளையாடினால் நாம் அம்மா. தூங்க வைக்கலாம், சோறு ஊட்டலாம். இந்தப் பொம்மையோ பெரிய பெண். அவளுக்கு நாம் அம்மா ஆக முடியாது. நாமே அவளாகத்தான் ஆக வேண்டும். ஒரு வெளிநாட்டு அம்மா, தன் மகள் காகிதத்தில் வெட்டிய பெரிய பெண்களை வைத்து விளையாடுவதைப் பார்த்துத்தான் இதைச் செய்ய நினைத்தாராம். இதைப் பின்னால் எங்கள் கம்பெனி ஜோசப் சார் சொல்லித் தெரிந்துகொண்டேன். முதலில் வந்த பொம்மைகளின் கண்கள் பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தனவாம். பல வருஷம் கழித்துத்தான் நேராகப் பார்க்க வைத்தார்களாம். டாக்டர், ஆசிரியை, விண்வெளிக்குப் போகிறவள் என்று அவளுக்குப் போட்ட உடுப்புகளை எண்ணி முடியாது. நிஜத்தில் பெண்களை எடுக்காத வேலைக்குக்கூட அவளுக்கு உடுப்பு தைத்துவிட்டார்கள்.

அந்த இடுப்பைப் பார்த்துப் பெண்பிள்ளைகள் ஏங்கிப் போகிறார்கள் என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது குண்டாக, கறுப்பாக, சுருட்டை முடியோடு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடிகூட வருகிறாள். அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கல்யாணமாகிக் கடலூர் வந்த பிறகு, முப்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். சிதம்பரம் ரோட்டில் ஒரு ஷெட். வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டர் கொடுக்கும், நாங்கள் செய்து அனுப்புவோம். மூன்று மாதப் பயிற்சியில் எட்டு ஊசி உடைத்தேன். இரண்டு விரலில் குத்து வாங்கினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேலையைச் சொல்கிறேன். தலைகள் எங்களிடம் மொட்டையாக வரும். மெத்தென்று இருக்க வேண்டிய தலை மார்கழிக் காலையில் இறுகிக் கிடக்கும். அதைச் சூட்டுப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, இட்லிபோல இளகியதும் எடுப்போம். மெஷின் தையல் மெஷின் மாதிரிதான். நூல் வரும் இடத்தில் நைலான் முடிக்கற்றை வரும். தலையைக் கழுத்து ஓட்டை வழியாக ஒரு கம்பியில் தொப்பிபோல மாட்டி, இரண்டு கையாலும் ஊசிக்குக் கீழே திருப்பிக்கொண்டே போக வேண்டும். முதலில் நெற்றி ஓரம், காது ஓரம், பிடரி. அடுத்து வகிடு. வகிட்டின் இரண்டு பக்கமும் முடி நெருக்கமாக விழ வேண்டும். அதன் பிறகு உள்ளே சுற்றிச் சுற்றி நிரப்ப வேண்டும். கடைசியில் தலைக்குள்ளே பசை விட்டுக் காயவைத்தால் முடி பிடித்துக்கொள்ளும்.

மேல்பட்டாம்பாக்கம் பக்கமிருந்து வந்த பெண்கள் இதற்கு நடவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெற்றி ஓரத்துக்கு வரப்பு என்று பெயர். முடி அடர்த்தியில்லாமல் விழுந்தால், “இன்னாடி, நாத்து பத்தலையா?” என்பார்கள். ஆபீஸ் பேப்பரில் வேறு என்னவோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. ஆபீஸ்காரர்களே நாளடைவில் “நடவு செக்‌ஷன்” என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

பொம்மையின் பாதம் குதிகால் தரையில் படாமல் எக்கியபடியே இருக்கும். உயரச் செருப்புக்காக அப்படி. புதிதாக வந்த ஒருத்தி, இது ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டாள். “சிதம்பரம் பஸ்ஸு வருதான்னு எட்டிப் பாக்குதுடி” என்று பதில் வந்தது. அன்று முழுக்க ஷெட்டில் சிரிப்பு.

ஜோசப் சார் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குரல் உயர்த்த மாட்டார். தலைகளைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. சுண்டுவிரலைக் கழுத்து ஓட்டைக்குள் விட்டுத் தலையை நிறுத்தி, டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பி, முடிக்குள் ஒரு தடவை ஊதுவார். மண்டை வெள்ளையாகத் தெரிந்தால் குறை. பிறகு மூன்று முடியைப் பிடித்து இழுப்பார். தேறிய தலையை வலது பக்கம் வைப்பார். தேறாததை இடது பக்கம் வைப்பார். தேறாததையும் தூக்கிப் போட மாட்டார், அதே மெதுவோடுதான் வைப்பார். ஒருநாள் யாரோ ஒருத்தி கெட்டுப்போன தலையைத் தொட்டியில் வீசினாள். “தப்பு பண்ணது நாமம்மா, அது இல்ல” என்று மட்டும் சொன்னார். யார் தப்பு செய்தார்கள் என்று எல்லோர் முன்னாலும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் சேர்ந்த ஆறாம் வருஷம் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். பன்னிரண்டு மெஷினுக்கு நான் பொறுப்பு. அந்தச் சமயத்தில்தான் நம் ஊர்க் கடைகளுக்கென்று கறுப்பு முடிப் பொம்மை போட முடிவானது. சேலை கட்டியது ஒன்று, பரதநாட்டிய உடுப்புப் போட்டது ஒன்று. அதுவரை நாங்கள் வைத்ததெல்லாம் மஞ்சள் முடி, அங்கங்கே செம்பட்டை முடி. முதன்முதலாகக் கறுப்புக் கற்றை வந்து இறங்கியபோது எல்லாரும் கையில் எடுத்துப் பார்த்தோம்.

வகிட்டுக் கோடு போட எங்களிடம் ஒரு தகட்டு அச்சு உண்டு. தலையில் வைத்து ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்தால் போதும். கறுப்பு முடிக்கு வந்த தலை அளவில் கொஞ்சம் பெரிது. பழைய அச்சு உட்காரவில்லை, புதிய அச்சு இன்னும் வரவில்லை. மாதிரித் தலையைப் பார்த்து லைன் லீடர் கையால் கோடு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து நூற்றறுபது தலைக்குக் கோடு போட்டேன். மாதிரித் தலையைத் துணி தைக்கும் பிரிவுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எப்படி இருக்கும் என்றுதான் தெரியுமே என்று போட்டுவிட்டேன். அவற்றை அஞ்சலை மெஷினுக்கு அனுப்பினேன். லைனிலேயே நெருக்கமாக நடவு செய்யக்கூடிய கை அவளுக்குத்தான்.

அஞ்சலை கடற்கரைக் குப்பத்துப் பெண். இருபது வயது. அவள் வீட்டில் மீன் கூடையைத் தவிர வேறு வேலைக்குப் போன முதல் ஆள். ஆறு மாதம் தற்காலிகம், அந்த வாரம் அது முடிகிறது. நிரந்தரம் ஆக்கினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. வீட்டில் அவளை மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கு இஷ்டமில்லை. கம்பெனியில் நிரந்தரம் செய்தால் இரண்டு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இதை அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை முழுக்க அவள் நட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ஜோசப் சார் அவள் தட்டை எடுத்துச் சோதித்தார். முதல் தலையைப் பார்த்து ஊதினார், இழுத்தார், இடது பக்கம் வைத்தார். இரண்டாவதும் இடது. மூன்றாவதும் இடது. வலது பக்கம் காலியாகவே இருந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். நடவு ஒரு குறை இல்லை, முடி கருகருவென்று இருந்தது. ஆனால் வகிடு நெற்றி நடுவிலிருந்து உச்சிவரை நேராக ஓடியது.

அந்தப் பொம்மைக்கு எப்போதும் இடது பக்க வகிடுதான். மாதிரியிலும் அப்படித்தான். ஆறு வருஷமாக ஆயிரக்கணக்கான மஞ்சள் தலைகளில் இடது பக்கமாக நான் பார்த்த வகிடு அது. கறுப்பு முடி என்றதும் என் கை வேறு வேலைக்குப் போய்விட்டது. தினமும் காலை ஏழரை மணிக்கு, ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் காலுக்கிடையில் உட்காரவைத்து இரட்டைச் சடை போடுவேன். நடு உச்சியில் வகிடு எடுக்க வேண்டும், கோணினால் பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள். பென்சிலை எடுத்தபோது என் கை அந்த வகிட்டைத்தான் எடுத்திருக்கிறது. நூற்றறுபது தடவையும் எனக்கு அது தெரியவில்லை.

முடி நட்ட தலையைத் திருத்த வழியில்லை. பிடுங்கினால் ஓட்டை தெரியும்.

மேனேஜர் இறங்கி வந்தார். தட்டில் இருந்த சீட்டைப் பார்த்தார். அதில் மெஷின் ஓட்டியவர் நம்பர் மட்டும்தான் இருக்கும், கோடு போட்டவர் பெயர் இருக்காது. அஞ்சலையை மெஷினிலிருந்து எழுப்பிக் கழிவு பிரிக்கிற இடத்துக்கு அனுப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை இவளைப் பற்றி முடிவு செய்துகொள்ளலாம் என்றார். நான் நாலடி தூரத்தில் நின்றேன். என் கையில் பென்சில் இருந்தது, அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தேடிப் போனேன். டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கோடு போட்டத நீ பாத்தியா?” என்று கேட்டேன்.

“உங்க கோட்டு மேலதான நட்டேன்” என்றாள்.

“தப்பா இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி.”

“எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சுக்கா. கோண வகிடு எடுத்தா எங்கம்மா சீப்பாலயே அடிக்கும். நேரா எடுத்ததுக்கு இங்க வேல போவுது, பாருங்க.” சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதா இருந்தா சொல்லுங்க. சொல்லலன்னா, என்னப் பாக்க வராதீங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லைன் லீடர் வேலை போய்விடும், மறுபடி மெஷினில் உட்காரச் சொல்வார்கள், இத்தனை வருஷம் நல்ல பெயர் எடுத்தேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயிட்டா, ஒனக்குச் சோறு எறங்குமா?”

“எறங்காது மாமா.”

“அப்பறம் எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அங்க போயிச் சொல்லு.”

புதன்கிழமை காலை ஜோசப் சார் அறைக்குப் போனேன். அதுவரை அந்த அறை வாசலோடு பேசித் திரும்பியிருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. மேஜையில் அந்தத் தலைகளில் நாலைந்தை வரிசையாக வைத்திருந்தார்.

“கோடு நான் போட்டது சார்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் ஒரு மொட்டைத் தலையையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினார். கறுப்புக் கற்றை ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். “போட்டுக் காட்டும்மா.” போட்டேன். கோடு நடுவில் நேராகப் போனது. பிறகு இன்னொரு மொட்டைத் தலை, பக்கத்தில் மஞ்சள் கற்றை. “இப்ப இதுக்கு.” கோடு தானாக இடது பக்கம் போனது. இரண்டு தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கறுப்பு முடியப் பாத்ததும் இது நம்ம பொண்ணுன்னு ஒங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். “ஆனா மாதிரியப் பாக்காம கோடு போட்டது தப்புதான். அது ஆபீஸ் பேப்பர்ல ஒங்க பேர்ல வரும்.”

“வரட்டும் சார். அந்தப் பொண்ணு பேர மட்டும் எடுத்துடுங்க.”

மேனேஜரிடம் இருவரும் போனோம். அவர் கேட்டுக்கொண்டார். தலைகள் போனது போனதுதான், மெஷினில் இருந்தவளும் கவனித்திருக்க வேண்டும், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் சென்னை ஆபீஸ் மேடம் மதியம் வருகிறார், அவர் சொல்வதைப் பார்க்கலாம் என்றார்.

அஞ்சலையிடம் சொல்லக் கழிவு பிரிக்கிற இடத்துக்குப் போனோம். அவள் கை சும்மா இருக்கவில்லை. கெட்டுப்போன தலை ஒன்றை எடுத்து முடியை வாரி ஒற்றைச் சடை பின்னி வைத்திருந்தாள். பக்கத்திலேயே துணி தைக்கும் பிரிவின் கழிவும் கொட்டிக் கிடந்தது. அதில் நாட்டிய உடுப்புக்கான சின்ன நெற்றிச்சுட்டிகள் இருந்தன. தைக்கிறவர்கள் இரண்டு வாரமாக அந்தச் சுட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாதிரித் தலையில் வகிடு இடது பக்கம் ஓடுவதால் சுட்டிக்குப் படுக்க இடமில்லை. பசை போட்டாலும் புருவத்துப் பக்கம் சரிந்துவிடும். அஞ்சலை அதில் ஒன்றை எடுத்து நேர் வகிட்டில் வைத்திருந்தாள். வகிட்டோடு படுத்து, பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் சந்திரனும் ஜரிகைத் துண்டில் வெட்டி ஒட்டியிருந்தாள்.

“இது யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று ஜோசப் சார் கேட்டார்.

“யாரும் சொல்லல சார். சிதம்பரத்துல ஆடுற பொண்ணுங்களப் பாத்ததில்லையா? கோண வகிட்டுக்கு இது எப்படி நிக்கும்?”

அவர் சுண்டுவிரலைக் கழுத்து ஓட்டையில் விட்டு அந்தத் தலையைத் தூக்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஊதவில்லை. அப்படியே கையில் நிறுத்தியபடி மேனேஜர் அறைக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டியப் பொம்மைக்கு நேர் வகிடு என்று ஆனது. சேலைப் பொம்மைக்கும் அப்படியே மாற்றினார்கள். சிதம்பரம் சன்னதித் தெருக் கடைகளில் அந்த நாட்டியப் பொம்மை தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள் சலங்கைப் பையோடு வந்த ஒரு சின்னப் பெண், அதைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக முன்பக்கத்துக் கண்ணாடித்தாளைக் கிழித்தாள். அவள் அம்மா அதட்டினார். அவள் கேட்கவில்லை, சடையை முன்னால் எடுத்துப் போட்டாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலையை நட்டது நாங்கள்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ புறப்பட்ட பொம்மை, போகிற ஊரிலெல்லாம் அந்தந்த ஊர்ப் பெண்ணாகிக்கொண்டே போகிறாள் என்றால், அதில் இப்படிச் சில கைகளின் வேலையும் இருக்கும் என்று நினைக்கிறேன். கண்காட்சி வைக்கிற பிள்ளைகள் இதையும் ஒரு ஓரமாக எழுதி வைத்தால் சந்தோஷம்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். மதியம் வந்த மேடம் பழைய மாதிரியையும் அஞ்சலையின் தலையையும் ஒரே மாதிரியான இரண்டு உடம்பில் மாட்டச் சொன்னார். இரண்டையும் ஜன்னல் ஓரம் நிறுத்தினார்கள். பொம்மைக்குத் தானாக நிற்க வராது, அதனால் அஞ்சலை ஒன்றையும் நான் ஒன்றையும் இடுப்பில் பிடித்துக்கொண்டோம். மேடம் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

“பழசு, யாரோட டிரெஸ்ஸயோ வாங்கிப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. இது ஆடப் போற பொண்ணு” என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். “எத்தன தல இருக்கு இப்படி?”

“நூத்தறுபது” என்று மேனேஜருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

“நூத்தறுபதும் வேணும்” என்றார்.

அஞ்சலை பொம்மையைக் கீழே வைக்கவில்லை. மேடம் போன பிறகு ஜோசப் சார்தான் மெதுவாக அதை அவள் கையிலிருந்து வாங்கினார்.

மறுநாள் காலை ஆபீஸ் ஜன்னலில் இரண்டு கவர் இருந்தன. அஞ்சலைக்கு நிரந்தர வேலை உத்தரவு, எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எட்டரை மணிக்கு மெஷின் ஓடியது.